74ஹெச்சி02: சிம்பலில் பின் எண் சரி, சர்க்யூட்டில் வைத்தால் மாறுகிறதே?

பீன்யா_போர்டு (கேள்வி)

வணக்கம். சர்க்யூட் படம் வரைய லெப்டான் ஸ்கீமேட்டிக் மென்பொருள் பயன்படுத்துறோம். அதன் முன்னோடியான ஜிஸ்கெம்மில் செய்த பழைய கோப்புகளும் நிறைய இருக்கு. 74ஹெச்சி02 நார் கேட் ஐசிக்காக (ஒரே ஐசியில் நாலு கேட்) 7400 நாண்ட் கேட்டின் சிம்பலை (படத்தில் அந்தப் பாகத்தைக் குறிக்கும் உருவம்) நகல் எடுத்து, படத்தை நார் வடிவத்துக்கு மாற்றி, டேட்டாஷீட் பார்த்து மூணு பின்னுக்கும் பின்நம்பர் திருத்தினேன். மேல் இன்புட் 2, கீழ் இன்புட் 3, அவுட்புட் 1.

சிம்பல் கோப்பைத் தனியாத் திறந்தா 2, 3, 1 சரியாத் தெரியுது. அதையே ஷீட்டில் வைத்தா 1, 2, 3 ஆயிடுது. சிம்பல் செக் ஓட்டினேன், ஒரு பிழையும் சொல்லலை. கவனிக்காம அனுப்பி 5 போர்டு வந்தாச்சு. அதில் இன்புட் கன்ட்ரோலரிலிருந்து வருது, அவுட்புட் ரிலே டிரைவருக்குப் போகுது. ஐசி லேசா சூடாகுது, விரல் பக்கத்தில் போனாலே ரிலே துடிக்குது.

மேல் இன்புட் பின் கோப்பில் இப்படி இருக்கு. (இங்கே தமிழ் எழுத்தில் போடுறேன். கோப்பில் இதெல்லாம் ஆங்கில எழுத்து: வரித் தலைப்பில் வரும் பி, டி பெரிய எழுத்து, பண்புப் பெயர்கள் சின்ன எழுத்து.)

பி 0 500 300 500 1 0 0
{
டி 200 550 5 8 1 1 0 6 1
பின்நம்பர்=2
டி 200 450 5 8 0 1 0 8 1
பின்சீக்=1
டி 350 500 9 8 0 1 0 0 1
பின்லேபிள்=ஏ
டி 350 500 5 8 0 1 0 2 1
பின்டைப்=இன்
}

கேள்வி மூணு. எண் ஏன் மாறுது? பி வரியிலும் டி வரியிலும் இருக்கிற எண்கள் ஒவ்வொண்ணும் என்ன? சிம்பலில் "நெட்=விசிசி:14" என்று ஒரு வரி இருக்கு, எங்க சப்ளை 3.3 வோல்ட் (ஷீட்டில் பெயர் +3வி3), அதைத் தொடணுமா?

---

ஜாலஹள்ளி ஜம்பர்

கோப்பின் அடிப்பக்கம் போங்க. 7400-இல் இருந்து வந்த இந்த வரிகள் அப்படியே கிடக்கும்:

நம்ஸ்லாட்ஸ்=4
ஸ்லாட்=1
ஸ்லாட்டெஃப்=1:1,2,3
ஸ்லாட்டெஃப்=2:4,5,6
ஸ்லாட்டெஃப்=3:9,10,8
ஸ்லாட்டெஃப்=4:12,13,11

வில்லன் இதுதான். ஒரே ஐசிக்குள் இருக்கும் ஒவ்வொரு கேட்டும் ஒரு ஸ்லாட். ஸ்லாட் உள்ள சிம்பலை ஷீட்டில் வைக்கும்போது பின்நம்பர் வரியில் நீங்க எழுதியதை மென்பொருள் நம்புறதில்லை. ஸ்லாட் எண்ணைப் பார்க்கும், அந்த எண்ணுக்கான ஸ்லாட்டெஃப் வரியை எடுக்கும், அதில் முதல் எண்ணை பின்சீக்=1 உள்ள பின்னுக்கும், இரண்டாவதை பின்சீக்=2-க்கும், மூணாவதை பின்சீக்=3-க்கும் மேலெழுதிடும். முதல் ஸ்லாட்டுக்கும் இதே கதைதான். தனியாத் திறக்கும்போது கோப்பு வெறும் படம். அங்கே ஸ்லாட் வேலை நடக்காததால் நீங்க எழுதிய எண்ணே தெரியுது.

கல்யாணப் பந்தி மாதிரி நினைச்சுக்குங்க. பின்சீக் என்பது எத்தனையாவது இலை. பின்நம்பர் அந்த இலையில் உட்காரும் ஆள். ஒவ்வொரு ஸ்லாட்டும் ஒரு பந்தி, ஸ்லாட்டெஃப் அந்தப் பந்தியின் ஆள் பட்டியல். பந்தி மாறினா ஆள் மாறுவாங்க, இலை இடம் மாறாது. நீங்க இலையில் பெயரை மாத்தி எழுதிட்டு பட்டியலைத் திருத்தாம விட்டுட்டீங்க.

74ஹெச்சி02-க்குப் பட்டியல் இது (பின்சீக் 1, 2 இன்புட், 3 அவுட்புட் என்று வைத்து):

ஸ்லாட்டெஃப்=1:2,3,1
ஸ்லாட்டெஃப்=2:5,6,4
ஸ்லாட்டெஃப்=3:8,9,10
ஸ்லாட்டெஃப்=4:11,12,13

7400-க்கும் இதுக்கும் நாலு கேட்டில் ஒண்ணுகூட ஒத்துப்போகலை பாருங்க. 00, 08, 32, 86 நாலுக்கும் ஒரே பின் வரிசை. அதுங்களுக்குள்ள நகல் எடுத்தா தப்பிச்சிடலாம். 02 அவுட்புட்டை முதல் காலில் வைத்துக்கொண்டு தனியா நிற்கும். நூலகத்திலேயே 7402 சிம்பல் தனியா இருக்கு. ஆனா அதை எடுத்தாலும் ஸ்லாட்டெஃப் வரிகளை டேட்டாஷீட்டோடு ஒருமுறை விரல் வைத்து ஒப்பிடுங்க.

உங்க போர்டில் நடப்பது: 1-ஆம் காலை நீங்க இன்புட் என்று நினைச்சு கன்ட்ரோலரோடு சேர்த்திருக்கீங்க. நிஜத்தில் அது கேட்டின் அவுட்புட். கன்ட்ரோலர் உயர்த்த, கேட் தாழ்த்த, இரண்டும் மல்லுக்கட்டுது, அந்தச் சூடு அதுதான். ஹெச்சி குடும்ப அவுட்புட்டின் உச்ச வரம்பு 25 மில்லி ஆம்ப். இந்த நிலையில் அதிக நேரம் ஓட்டாதீங்க. ரிலே டிரைவருக்குப் போகும் 3-ஆம் கால் நிஜத்தில் இன்புட். அந்த நெட்டை (ஒண்ணா இணைஞ்ச கால்களின் தொகுப்பை) யாருமே இயக்கலை, அந்தரத்தில் மிதக்குது. விரல் கொண்டுபோனா துடிக்கிறது அதனால்.

இந்த 5 போர்டைக் காப்பாத்தணும்னா ஐசியைக் கழற்றி, கால்களை மேலாகத் திருப்பி ஒட்டி, எனாமல் ஒயரில் 14 காலையும் இழுக்கணும். ஒரு போர்டு சோதனைக்கு அப்படிச் செய்யலாம். ஐந்துக்கும் செய்யறதைவிட மறுபடி போர்டு போடுறது மலிவு.

சிம்பல் செக் ஏன் சும்மா இருந்தது என்றால், அது பார்ப்பது இலக்கணம் மட்டும்: பின்சீக் விடுபட்டிருக்கா, ஒரே எண் இரண்டு பின்னில் வந்திருக்கா, நம்ஸ்லாட்ஸும் ஸ்லாட்டெஃப் எண்ணிக்கையும் பொருந்துதா, பின் முனை கிரிட்டில் இருக்கா. டேட்டாஷீட் அதுக்குத் தெரியாது. ஷீட்டில் விதிமீறல் தேடும் டிஆர்சி-யும் உதவாது. பின்டைப் என்பது படத்தில் உள்ள பின்னோடு ஒட்டிய பண்பு, நிஜக் காலோடு அல்ல. அவுட்புட்டுக்குப் போன எண் 3 ஆக இருந்தாலும் 1 ஆக இருந்தாலும் அதுக்கு "அவுட்" தான்.

---

கிரிட்_100

இரண்டாவது கேள்விக்கு வர்றேன். கோப்பைக் கையால் திருத்தத் தெரிஞ்சவங்க 100 பின் உள்ள கன்ட்ரோலர் சிம்பலை ஸ்கிரிப்ட் வைத்து அரை மணியில் முடிச்சிடலாம், அதனால் தெரிஞ்சு வைக்கிறது நல்லது.

பி வரியில் 7 எண். முதல் நாலும் பின் கோட்டின் இரு முனைகள்: (0, 500)-இலிருந்து (300, 500) வரை. அலகு மில், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது பின் நீளம் 300 மில். ஐந்தாவது எண் நிறம், பின்னுக்கு எப்பவும் 1. ஆறாவது பின் வகை: 0 சாதாரணப் பின், 1 பஸ் பின். இந்த "பின் வகை"யையும் பண்பா வரும் பின்டைப்பையும் குழப்பிக்காதீங்க, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. இங்கே 0 தவிர வேறு போட வேண்டாம்.

ஏழாவதுதான் சின்னதா இருந்து பெரிய வேலை பண்ணும்: எந்த முனையில் ஒயர் ஒட்டும் என்பது. 0 என்றால் முதலில் எழுதிய முனை, 1 என்றால் இரண்டாவது. உங்க பின்னில் 0, அதாவது (0, 500), வெளிப்பக்கம். சரி. வலப்பக்க அவுட்புட் பின்னை (800, 400)-இலிருந்து (1100, 400) வரை எழுதியிருந்தா கடைசி எண் 1 ஆக இருக்கணும். அதை 0 விட்டா ஒட்டும் முனை கேட்டின் உடம்போடு சேர்ந்து உள்ளே போயிடும். வெளி முனையில் நீங்க இழுத்த ஒயர் கண்ணுக்கு ஒட்டின மாதிரிதான் இருக்கும், நெட்லிஸ்டில் (எந்தக் கால் எதோடு இணையுது என்ற பட்டியலில்) இருக்காது. இணையாத முனையில் வரும் சின்னச் சிவப்புச் சதுரம் எந்தப் பக்கம் தெரியுது என்று பாருங்க, உடனே பிடிபடும்.

அந்த முனை 100 மில் கிரிட்டில் கண்டிப்பா உட்காரணும். உள்முனை எங்கே இருந்தாலும் பரவாயில்லை, குமிழ் போடும் இடத்தில் 200 மில்லோடு நிறுத்தலாம். ஒட்டும் முனை 450-இல் போய் நின்றால் 100 கிரிட்டில் வரும் ஒயர் அதைத் தொடவே தொடாது. நெட்லிஸ்ட் "ஸ்வல்ப அட்ஜஸ்ட்" பண்ணிக்காது சார்.

டி வரியில் 9 எண்: எக்ஸ், ஒய், நிறம், எழுத்தளவு, தெரியுமா தெரியாதா, எதைக் காட்டணும், சுழற்சி, சீரமைப்பு, கடைசியா எத்தனை வரி. உங்க முதல் டி வரியைப் படிச்சா: (200, 550)-இல், நிறம் 5 (ஒட்டிய பண்புகளின் நிறம்), அளவு 8, தெரியும் (1), மதிப்பை மட்டும் காட்டு (1, 0 போட்டா பெயரும் மதிப்பும், 2 போட்டா பெயர் மட்டும்), சுழற்சி 0 பாகை, சீரமைப்பு 6, வரி 1.

சீரமைப்பு 0 முதல் 8 வரை. 0, 1, 2 இடது ஓரத்தில் கீழ், நடு, மேல். 3, 4, 5 நடுவில் அதே வரிசை. 6, 7, 8 வலது ஓரத்தில் அதே வரிசை. இடப்பக்கப் பின்னின் எண்ணுக்கு 6 போடக் காரணம், எண் ஒன்றிலக்கமா இருந்தாலும் இரண்டிலக்கமா இருந்தாலும் வலது ஓரம் அசையாம நிற்கும், எழுத்து உடம்புக்குள் நுழையாது. ஸ்லாட் மாறி 2 என்பது 11 ஆகும்போது இதன் அருமை தெரியும்.

கடைசி எண்தான் கையால் திருத்துறவங்களைக் கவிழ்க்கும். வரி 1 என்று சொல்லிட்டு கீழே இரண்டு வரி எழுதினா, இரண்டாவது வரியை மென்பொருள் புதுப் பொருளின் தலைப்பு வரியா எடுத்துக்கும். அப்படி ஒரு பொருள் இல்லை என்றதும் குப்பை படித்தேன் என்று பிழை காட்டும். பிழைச் செய்தியில் அந்த வரியே அச்சாகும், அதுக்கு மேலே உள்ள டி வரியைத் திருத்துங்க.

இன்னொண்ணு. சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி விடாதீங்க. "பின்சீக் = 1" என்று அழகுக்காக இடைவெளி விட்டா அது பண்பே அல்ல, வெறும் எழுத்து. படத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பின்சீக் இல்லை என்று சிம்பல் செக் கத்தும்போது "கண் முன்னாடி இருக்கே" என்று முழிப்போம்.

சுருள் அடைப்பு பி வரிக்கு அடுத்த வரியிலேயே தொடங்கணும். அடைப்புக்கு வெளியே போன பின்நம்பர் எந்தப் பின்னுக்கும் சொந்தமில்லை. நம்ஸ்லாட்ஸ், ஸ்லாட்டெஃப், ஃபுட்பிரிண்ட் (போர்டில் பேட்கள் அமையும் வடிவம்), டிவைஸ், ரெஃப்டெஸ் (யூ3 மாதிரி பாகத்தின் பெயர்) எல்லாம் அதுக்கு நேர் எதிர்: சிம்பல் முழுக்கச் சொந்தமானவை, எந்த அடைப்புக்குள்ளும் இருக்கக் கூடாது.

ஆக்டிவ் லோ பின்னுக்கு மேல்கோடு வேணும்னா பின்லேபிளில் பின்சாய்கோடும் அடிக்கோடும் சேர்ந்த ஜோடியைப் பெயருக்கு முன்னும் பின்னும் போடுங்க. பெயருக்கு முன்னாடி என் எழுத்தைச் சேர்ப்பதைவிட இது தெளிவு.

---

அல்சூர் ஆந்தை

பவர் கேள்வியை யாரும் தொடலை, நான் தொடறேன். போர்டு செத்துப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

"நெட்=விசிசி:14" என்றால் இந்த ஐசியின் 14-ஆம் காலை, ஷீட்டில் ஒயரே இல்லாம, விசிசி என்ற பெயருள்ள நெட்டோடு சேர் என்று அர்த்தம். உங்க ஷீட்டில் சப்ளை நெட்டின் பெயர் +3வி3. அப்போ 14-ஆம் கால் விசிசி என்ற தனி நெட்டில் தன்னந்தனியா நிற்கும், போர்டில் அதுக்கு டிராக்கே வராது. பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசமும் உண்டு. முதல் எழுத்து மட்டும் பெரிசா இருக்கும் விசிசி-யும் மூணுமே பெரிசா இருக்கும் விசிசி-யும் இரண்டு வேறு நெட்.

இதில் விஷமம் என்னன்னா, பவர் இல்லாத ஹெச்சி ஐசி அப்பப்போ வேலை செய்யற மாதிரி நடிக்கும். இன்புட்டில் வரும் மின்னழுத்தம் உள்ளே இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியா சப்ளைக் காலுக்கு ஏறி, அரை உயிரில் ஓடும். எல்லா இன்புட்டும் தாழ்ந்ததும் உயிர் போயிடும். இந்தத் தப்பை ஆசிலோஸ்கோப் வைத்துத் தேடினா நாள் முழுக்கப் போகும். மல்டிமீட்டரை 14-க்கும் 7-க்கும் வைத்தா பத்து விநாடி.

வழி இரண்டு. ஷீட்டில் வைத்த ஐசியின் மேல் "நெட்=+3வி3:14" என்று பண்பு சேர்த்தா அது சிம்பலில் உள்ளதை மீறும். ஆனா ஸ்லாட் உள்ள ஐசிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். யூ3 என்ற பெயரில் நாலு கேட் ஷீட்டில் இருக்கும், மூணுக்குச் சேர்த்து ஒண்ணை மறந்தா ஒரே காலுக்கு இரண்டு நெட் பெயர் வந்து நிற்கும்.

இரண்டாவது வழி: சிம்பலிலிருந்து 14-க்கும் 7-க்கும் உள்ள நெட் வரிகள் இரண்டையும் தூக்கிடுங்க. பவருக்கு மட்டும் தனி சிம்பல் வரையுங்க: சின்னச் செவ்வகம், மேலே 14, கீழே 7, இரண்டுக்கும் பின்டைப்=பிடபிள்யூஆர், பின்சீக் 1, 2, ஸ்லாட் கிடையாது, நம்ஸ்லாட்ஸ்=0. ஷீட்டில் அதுக்கும் யூ3 என்றே ரெஃப்டெஸ் கொடுங்க. பெயர் ஒண்ணா இருந்தா நெட்லிஸ்ட் எல்லாத்தையும் ஒரே ஐசியாச் சேர்த்துக்கும். அந்தச் செவ்வகத்துக்குப் பக்கத்திலேயே 100 நானோ ஃபாரட் கெபாசிட்டரையும் வரைஞ்சிடலாம், லேஅவுட் செய்யறவருக்கும் எது யாருடையது என்று புரியும். ஃபுட்பிரிண்ட் பண்பை எல்லாத் துண்டிலும் ஒரே மாதிரி வைங்க.

பவர் காலை ஒளிச்சு வைக்கும் பழக்கம் எல்லா ஐசியும் 5 வோல்ட்டில் ஓடின காலத்துக்குச் சரி. இன்னைக்கு ஒரே போர்டில் மூணு சப்ளை இருக்கு.

கூடவே ஒண்ணு: நாலில் மூணு கேட்தான் தேவை என்று நாலாவதை ஷீட்டில் வைக்காம விட்டுடாதீங்க. வைக்கலைன்னா 11-உம் 12-உம் நெட்லிஸ்டிலேயே வராது, போர்டில் மிதக்கும். ஹெச்சி குடும்பம் சீமாஸ் வகை, சீமாஸ் இன்புட் மிதந்தா பாதி மின்னழுத்தத்தில் நின்று சப்ளையிலிருந்து சும்மா கரன்ட் இழுக்கும். ஸ்லாட் 4-ஐயும் வைத்து இரண்டு இன்புட்டையும் கிரவுண்டில் கட்டுங்க, 13-ஐ விட்டுடலாம்.

---

பீன்யா_போர்டு

மூணு பேருக்கும் நன்றி. ஸ்லாட்டெஃப் திருத்திட்டேன். புது ஷீட்டில் வைத்தா 2, 3, 1 வருது. ஆனா பழைய ஷீட்டில் ஒரு கேட் மட்டும் இன்னும் 1, 2, 3 தான் காட்டுது, மற்ற மூணும் மாறிடுச்சு. மூடித் திறந்தும் பார்த்தேன்.

அடுத்து எல்எம்358 (இரட்டை ஓப்-ஆம்ப்), பிசி547 (டிரான்சிஸ்டர்) இரண்டுக்கும் சிம்பல் போடணும். சிமுலேஷனுக்கும் அதையே பயன்படுத்த முடியுமா?

---

ஜாலஹள்ளி ஜம்பர்

அந்த ஒரு கேட்டைத் தேர்ந்தெடுத்து பண்பு ஜன்னலைத் திறங்க. ஸ்லாட்டெஃப் வரி ஷீட்டிலேயே சொந்தப் பண்பா ஒட்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

காரணம்: ஷீட் கோப்பு சிம்பலை உள்ளே வைத்துக்கொள்வதில்லை, பெயரை மட்டும் வைத்திருக்கும். அதனால் சிம்பலைத் திருத்தினா ஷீட்டைத் திறக்கும்போது தானா புதுசு வரும். ஆனா சிம்பலில் கண்ணுக்குத் தெரியும்படி வைத்த பண்புகள், கேட்டை வைக்கும் நிமிடத்திலேயே ஷீட்டுக்கு நகலாகிடும். ரெஃப்டெஸ் அப்படித்தான் வருது, வரணும். ஏதோ ஒரு சமயம் சோதனைக்கு ஸ்லாட்டெஃபைத் தெரியும்படி வைத்து அந்தக் கேட்டை ஷீட்டில் போட்டிருப்பீங்க. ஷீட்டில் நகலானது சிம்பலில் உள்ளதை மீறும். "காம்போனென்ட் புதுப்பி" கட்டளை கொடுத்தாலும் ஷீட்டில் ஏற்கனவே உள்ள மதிப்பைத்தான் காப்பாற்றும். அந்த வரியை நீக்கிட்டுப் புதுப்பிங்க.

சிம்பலுக்குள் ஸ்லாட்டெஃப், நம்ஸ்லாட்ஸ், நெட் மூணும் எப்பவும் மறைஞ்சே இருக்கட்டும்.

கோப்புப் பெயரையும் பாருங்க. உங்க ஃபோல்டரிலும் நூலகத்திலும் ஒரே பெயரில் 7402 இருந்தா எது எடுபடும் என்பது நூலகப் பட்டியலின் வரிசையைப் பொறுத்தது. சொந்த சிம்பலுக்கு உங்க கடைப் பெயரில் ஒரு முன்னொட்டு வைத்திடுங்க. ப்ராஜெக்ட் ஃபோல்டரில் உள்ள காஃப்ஆர்சி கோப்பில் காம்போனென்ட்-லைப்ரரி வரியில் உங்க ஃபோல்டரைச் சேர்த்தா போதும்.

---

எஸ்பி_ரோடு_டயோடு

டிரான்சிஸ்டருக்குப் பதில் சொல்றேன். பின்சீக்கும் பின்நம்பரும் வேற வேற என்பது இங்கேதான் நிஜமாப் புரியும், ஏன்னா இரண்டுக்கும் முதலாளி வேற.

சிமுலேஷன் மென்பொருளான ஸ்பைஸுக்கு எடுக்கும் நெட்லிஸ்ட் பின்சீக் வரிசையில்தான் கால்களை எழுதும். ஸ்பைஸில் டிரான்சிஸ்டர் வரி கலெக்டர், பேஸ், எமிட்டர் என்ற வரிசை. அதனால் பின்சீக் எப்பவும் கலெக்டர் 1, பேஸ் 2, எமிட்டர் 3. எந்தக் கம்பெனி, எந்தப் பேக்கேஜ் ஆனாலும் இதை மாத்தாதீங்க. மாஸ்ஃபெட்டுக்கு டிரெய்ன், கேட், சோர்ஸ். டயோடுக்கு ஆனோடு, கேத்தோடு.

பின்நம்பர் ஃபுட்பிரிண்டில் உள்ள பேட் எண். அதுக்கு முதலாளி டேட்டாஷீட். பிசி547 டிஓ-92 பேக்கேஜில் தட்டை முகம் நம்மைப் பார்த்து, கால் கீழே இருந்தா இடமிருந்து கலெக்டர் 1, பேஸ் 2, எமிட்டர் 3. தற்செயலா பின்சீக்கோடு ஒத்துப்போகுது. அந்தத் தற்செயலை நம்பி அதே சிம்பலை 2என்3904-க்கு எடுத்தா போச்சு. அதில் 1 எமிட்டர், 3 கலெக்டர். அதே சிலிக்கான் எஸ்ஓடி-23 பேக்கேஜில் பிசி847 ஆக வரும்போது 1 பேஸ், 2 எமிட்டர், 3 கலெக்டர். மூணு பாகத்துக்கும் பின்சீக் ஒண்ணு, பின்நம்பர் மூணு விதம். ஆக "என்பிஎன்" என்று ஒரே பொது சிம்பல் வைத்து ஃபுட்பிரிண்டை மட்டும் மாத்தும் வழக்கத்தை விடுங்க, பேக்கேஜுக்கு ஒரு சிம்பல் வைங்க.

பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோடில் டிரான்சிஸ்டரை 2222 என்று கேட்டு வாங்கும்போது முன்னொட்டைக் கட்டாயம் படிங்க. பிஎன்2222ஏ எமிட்டர்-பேஸ்-கலெக்டர்; பி2என்2222ஏ கலெக்டர்-பேஸ்-எமிட்டர். இரண்டும் டிஓ-92, கடைக்காரர் ஒரே டப்பாவில்கூடப் போட்டு வைத்திருப்பார்.

பின்நம்பரில் சி, பி, இ என்று எழுத்து போடலாமா என்று அடுத்து கேட்பீங்க. போடலாம், ஃபுட்பிரிண்டிலும் பேட் பெயர் அப்படியே இருந்தா. பேட் 1, 2, 3 என்றிருந்தா லேஅவுட் மென்பொருள் "க்யூ1-இன் இ என்ற பின் இல்லை" என்று சொல்லி அந்த இணைப்பையே விட்டுடும்.

எல்எம்358: ஓப்-ஆம்ப் சப்சர்க்யூட்டில் பரவலா வரும் வரிசை பிளஸ் இன்புட், மைனஸ் இன்புட், பாசிட்டிவ் சப்ளை, நெகட்டிவ் சப்ளை, அவுட்புட். மாடல் கோப்பில் முனைகளின் வரிசையைச் சொல்லும் சப்சிகேடி வரியைத் திறந்து உறுதி பண்ணிக்குங்க. அதையே பின்சீக் 1 முதல் 5 ஆக வைத்தா:

நம்ஸ்லாட்ஸ்=2
ஸ்லாட்டெஃப்=1:3,2,8,4,1
ஸ்லாட்டெஃப்=2:5,6,8,4,7

8-உம் 4-உம் இரண்டு ஸ்லாட்டிலும் திரும்ப வரலாம், தப்பில்லை. ஆந்தை சொன்ன தனிப் பவர் சிம்பல் வழி போனா மூணு பின்தான், ஆனா அப்போ ஸ்பைஸுக்கு ஐந்து முனை கிடைக்காது. சிமுலேஷனுக்கு ஸ்லாட் இல்லாத ஐந்து பின் சிம்பல் ஒண்ணு தனியா வைத்துக்கிட்டு, ஒவ்வொரு ஓப்-ஆம்ப்புக்கும் வேற ரெஃப்டெஸ் கொடுப்பது என் வழி. ஒரே யூ1 பெயரில் இரண்டு ஸ்லாட் இருந்தா ஸ்பைஸ் பக்கம் அதை ஒரே பாகமா எடுத்துக்கிட்டுச் சிக்கல் பண்ணும்.

---

கிரிட்_100

லேஅவுட்காரர் கிகேட் (இன்னொரு சர்க்யூட் மென்பொருள்) கேட்டார்னா ஒரு வார்த்தை. அங்கே ஸ்லாட்டெஃப் கிடையாது, பின்சீக்கும் கிடையாது. ஒரு சிம்பலுக்குள் யூனிட் ஏ, பி, சி, டி என்று பிரிச்சு ஒவ்வொரு யூனிட்டிலும் பின்களைத் தனியா வரையணும், எண்ணும் தனியா எழுதணும். எழுத்து வேலை நாலு மடங்கு, ஆனா பந்திக் குழப்பம் இல்லை. 74 வரிசை நூலகத்தில் 02-க்கு ஐந்தாவது யூனிட்டா பவர் மட்டும் தனியா இருக்கும். ஆந்தை சொன்ன அதே யோசனை.

கிகேட்டின் பழைய லிப் (நூலக) கோப்பில் எக்ஸ் என்று தொடங்கும் வரி பின். வரிசை: பெயர், எண், எக்ஸ், ஒய், நீளம், திசை, எண்ணின் எழுத்தளவு, பெயரின் எழுத்தளவு, யூனிட், உருவ வகை, மின் வகை. யூனிட் 0 என்றால் எல்லா யூனிட்டுக்கும் பொது. மின் வகையில் பெரிய டபிள்யூ பவர் இன்புட், சின்ன டபிள்யூ பவர் அவுட்புட். ஸ்கிரிப்டில் எல்லாத்தையும் பெரிய எழுத்தாக்குற வேலை பண்ணினீங்கன்னா ரெகுலேட்டர் அவுட்புட்டும் இன்புட் ஆயிடும்.

6-ஆம் பதிப்பிலிருந்து அடைப்புக்குறி மயமான புது வடிவம், அலகும் மில்லி மீட்டர். அதில் "அட்" என்பதில் வரும் இடம் ஒயர் ஒட்டும் முனை, கோணம் அந்த முனையிலிருந்து உடம்பை நோக்கிய திசை. இடப்பக்கப் பின்னுக்குக் கோணம் 0, வலப்பக்கத்துக்கு 180. இதைத் தலைகீழா எழுதுறவங்கதான் அதிகம். ஒயர் முனையை 1.27 மில்லி மீட்டரின் மடங்கில் வைங்க. சிம்பலுக்குள் ஒய் மேல் நோக்கிக் கூடும், ஷீட்டில் கீழ் நோக்கிக் கூடும். மாற்று ஸ்கிரிப்ட் எழுதினா படம் தலைகீழா வர இதுதான் காரணம்.

பவர் இன்புட் பின்னை யாரும் இயக்கலை என்று ஈஆர்சி (மின் விதிச் சோதனை) சொன்னா, சப்ளை கனெக்டர் வழியா வருதா பாருங்க. கனெக்டர் பின் பாசிவ், அது இயக்கும் பின்னாகக் கணக்கில் வராது. அந்த நெட்டிலும் கிரவுண்டிலும் ஒவ்வொரு பவர் ஃப்ளாக் (இந்த நெட்டுக்கு சப்ளை வருது என்று சொல்லும் குறி) வைங்க. பிழையை மறைக்க பின்னின் வகையை மாத்தாதீங்க.

---

பீன்யா_போர்டு

ஜம்பர் சார் சொன்னது சரி, அந்த ஒரு கேட்டில் ஸ்லாட்டெஃப் ஷீட்டிலேயே ஒட்டியிருந்தது. நீக்கினதும் மாறிடுச்சு. பவர் சிம்பலைத் தனியாப் போட்டு, நாலாவது கேட்டின் இன்புட்டைக் கிரவுண்டில் கட்டி, நெட்லிஸ்ட் எடுத்தேன். யூ3-க்கு 14 காலில் 13 வருது, 13-ஆம் கால் மட்டும் இல்லை. அனுப்பலாமா?

---

அல்சூர் ஆந்தை

13 விட்டது சரிதான், அது இணைக்காத அவுட்புட். ஆனா எண்ணிக்கையை மட்டும் பார்த்து அனுப்பாதீங்க. நெட்லிஸ்டில் யூ3 வரும் வரிகளைத் தனியா அச்செடுத்து, பக்கத்தில் டேட்டாஷீட்டின் பின் படத்தை வைத்து, ஒவ்வொரு காலா டிக் அடிங்க: 1, 4, 10 மூணும் எந்தப் பாகத்தை இயக்கப் போகுது என்று முதலில் பாருங்க. அந்த மூணு நெட்டிலும் கன்ட்ரோலரின் அவுட்புட் பின் எட்டிப் பார்க்கக் கூடாது. 14-உம் 7-உம் எந்தப் பெயர் நெட்டில் இருக்கு என்பதை எழுத்து எழுத்தா ஒப்பிடுங்க. அப்புறம் அனுப்புங்க.